எல்லாத்துக்கும் மூணு

அழிப்பதற்கென்று ஒரு பொத்தானே அந்தச் செயலியில் இல்லை.

குட்டி குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்துவிட்டாள். அறிவிப்புகள், கையேடு, பயிற்சி வரலாறு. வரலாற்றில் அம்மாவின் பணியாளர் எண் 417. அதன் கீழே இரண்டே வரிகள். புதன் இரவு 10.52, மதிப்பெண் 4/20. வியாழன் காலை 5.40, மதிப்பெண் 20/20. இரண்டாவது வரியின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. அதைத்தான் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்த்தால் போய்விடும் என்பதுபோல.

வெளியே எதுவும் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் அவள் பாதங்களை நனைத்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"குட்டி, தண்ணி வீணாப் போகுது பாரு. உள்ள என்ன பண்றே?"

"குளிக்கிறேன்மா."

"இப்பவா?"

"வேர்த்துப்போச்சு."

வெளியே அம்மா எதையோ நகர்த்தித் தேடுகிற சத்தம். அப்புறம், "என் போனைப் பாத்தியா?"

கையிலிருந்த போனைக் குட்டி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இல்லையேம்மா."

"மேசை மேலதான் வெச்சேன். வெச்சேன்னு நெனச்சேன்." அம்மாவின் காலடி சமையலறைப் பக்கம் போனது. போகும்போதே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "இதுவும் போச்சா."

ஒரு பொய்யை மூடி மறைக்க இன்னொரு பொய். அந்த இன்னொன்றும் நேராக அம்மாவின் தலையில்தான் போய் இறங்கியது.

பதினாறு வயதாகியும் வீட்டில் அவள் குட்டிதான். அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. அடித்தளத்தில் சன்னலே இல்லாத நீளமான அறை. மேலே ஏழு மாடிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகச் சறுக்குக் குழாய் வழியாக வந்து விழும். பதினோரு பேர் அதைப் பிரித்து, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மறுபடி ஏழு மாடிக்கும் அனுப்புவார்கள்.

எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை முடிச்சு சொல்லும். ஒற்றை முடிச்சு என்றால் சாதாரணத் துணி. இரட்டை முடிச்சு என்றால் இரத்தம் பட்டது, குளிர்ந்த தண்ணீரில் முதலில் ஊற வேண்டும். இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற முயல்காது முடிச்சு என்றால் தொற்றுள்ள வார்டிலிருந்து வந்தது. அதை அவிழ்க்கவே கூடாது, அப்படியே இயந்திரத்துக்குள் போக வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பல வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது அம்மாதான். மாடிகளில் இருக்கும் வார்டு ஆட்களுக்கும் அம்மாவே நேரில் போய்க் கட்டிக் காட்டினாள். அதனால் சலவையறையில் அவளுக்கு முடிச்சக்கா என்று பேர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முடிச்சுகளுக்கு முடிவு வந்தது. இனி நிறம் நிறமாகப் பைகள். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு மின்னணுச் சில்லு தைத்திருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி, துணியைக் காட்டினால் கீச்சென்று கத்தும். யார் எத்தனை காட்டினார்கள் என்பது சுவரில் மாட்டிய திரையில் எண்ணோடு ஓடும். வேகம் குறைந்தால் அந்த எண் சிவப்பாகும்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். புதிய கையேட்டில் துணிக்கு 'அலகு' என்று போட்டிருந்தது. மாசுற்ற அலகு, மாசற்ற அலகு. "இதென்ன, பறவை மூக்கைத் துவைக்கவா நம்மளை வெச்சிருக்காங்க?" என்று கேட்டவள் இஸ்திரி அத்தை. அன்றிலிருந்து கையிலிருந்த கருவிக்குக் கிளி என்று பேராகிவிட்டது. கிளி கத்துது, கிளிக்குச் சார்ஜ் போடு, கிளி என்னைச் சிவப்பாக்கிடுச்சு.

அப்புறம் சிரிப்பு குறைந்தது. அடித்தள விளக்கில் மஞ்சள் பையும் ஆரஞ்சுப் பையும் ஒன்றுபோலத் தெரிந்தன. முடிச்சென்றால் உறை போட்ட கைக்கும் தெரியும். பை அப்படியில்லை. அம்மா நாலு தடவை மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். பையும் இருக்கட்டும், முடிச்சும் இருக்கட்டும், அந்தத் திரையை மட்டும் கழற்றுங்கள் என்றாள். அவர் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா தூக்கத்தை விட்டாள். போன் கீச்சென்றால் கை தானாக அடுத்த துணியை எடுக்கப் போகும். விடுமுறை நாளில் சீருடை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். தேநீரில் ஒருநாள் உப்பு. நெஞ்சு படபடக்கிறதென்று டாக்டரிடம் போனதற்கு, இதயத்தில் ஒன்றுமில்லை, மன அழுத்தம் என்று சொல்லி, நன்றாகத் தூங்குங்கள் என்றார். "தூக்கம் வந்தா நான் ஏன்டா உன்கிட்ட வரேன்னு கேக்கலாம்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. அப்போது குட்டி சிரித்தாள்.

புதிய முறையைப் பழக்க ஆஸ்பத்திரி எல்லார் போனிலும் ஒரு பயிற்சிச் செயலியை ஏற்றியிருந்தது. போன புதன்கிழமை அதில் தேர்வு. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் படுத்தாள். விடிகாலையில் அம்மா குளிக்கப் போனபோது போன் கத்தியது. எட்டிப் பார்த்தவள் குட்டி. மதிப்பெண் 4/20. தேர்ச்சி பெறாதோர் பணியிட மறுஒதுக்கீட்டுக்கு உட்படுத்தப்படலாம். மீதமுள்ள வாய்ப்பு 1.

நாலு. அம்மாவுக்கு அந்தத் தமிழே புரியவில்லை, அவமானத்தில் சொல்லாமல் படுத்துவிட்டாள் என்றுதான் குட்டி நினைத்தாள். மறுஒதுக்கீடு என்றால் வீட்டுக்கு அனுப்புவதற்கு வைத்த நல்ல பெயர் என்றும் நினைத்தாள். பாடப் புத்தகம் படிக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம். கையேட்டை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் இருபதையும் முடித்தாள். வாழ்த்துச் செய்தி வந்தது. அதை மட்டும் அழித்தாள். ஐந்து நாள் யாருக்கும் தெரியாமல் பெருமையாக இருந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்த அம்மா பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சட்டையில் குத்திக்கொள்கிற பச்சை நிற வில்லை. முன்னோடி என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"கைகழுவற இடத்துல பட்டியல் ஒட்டினாங்க" என்றாள் அம்மா. "பத்து பேருக்கு நாலு. ஒருத்திக்கு இருபது."

குட்டிக்கு வாய்வரை வந்தது. 'நான்தாம்மா' என்று சிரித்துக்கொண்டே சொல்ல இருந்தாள். அதற்குள் அம்மா அடுத்ததைச் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் மூணுன்னு சொன்னதே நான்தான் குட்டி. எந்தக் கேள்வியா இருந்தாலும் மூணாவதை அமுக்குங்க, பதினோரு பேரும் ஒரே தப்பைப் பண்ணா தப்பு நம்ம மேல இல்ல, அந்தக் கேள்வி மேலன்னு மேற்பார்வையாளனுக்குப் புரியும், அப்பவாவது உக்காந்து பேசுவான்னு சொன்னேன். நம்பி அமுக்கினாங்க. துவைக்கற டிரம் ஓட்டற அண்ணன் இருக்காரே, அவருக்கு விடையெல்லாம் தெரியும். தெரிஞ்சும் மூணு அமுக்கினாரு."

"நீ?"

"நானும் மூணுதான்." அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அமுக்கினேன்ல?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல்தான் குட்டி மேசை மேலிருந்த போனைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் ஓடிவந்தாள்.

செயலியின் கடைசிப் பக்கத்தில் விதிமுறைகள் இருந்தன. அன்றைக்குப் படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டியவை. ஒரு பணியாளருக்காக வேறொருவர் தேர்வு எழுதியது கண்டறியப்பட்டால் அப்பணியாளர் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுவார். குட்டி அந்த வரியைப் படித்துவிட்டுக் குழாயை மூடினாள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லலாம். சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பொய் வராது. போன வருடம் குட்டி பள்ளிக்குத் தாமதமாகப் போனதற்குக் காய்ச்சல் என்று எழுதித் தரச் சொன்னபோது, 'என் மகள் தூங்கிவிட்டாள், நானும் எழுப்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தவள். அம்மாவுக்குத் தெரிவதும் மேற்பார்வையாளருக்குத் தெரிவதும் ஒன்றுதான், நடுவில் ஒரு பேருந்துப் பயணம் மட்டும்.

போனைச் சோபாவின் இடுக்கில் செருகிவிட்டு, "இதோ இருக்கும்மா, இடுக்குல கெடந்துச்சு" என்று எடுத்துக் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டு, "இங்க நான் உக்காரவே இல்லையே" என்றாள்.

"நோட்டு வாங்கணும், கடைக்குப் போய்ட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டுக் குட்டி இஸ்திரி அத்தையின் வீட்டுக்குப் போனாள்.

அத்தை என்றால் சொந்தமில்லை. ஆனால் குட்டி பிறந்தபோது ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி முதலில் தூக்கியவள் அவள்தான். இரண்டு தெரு தள்ளி, மின்தூக்கி பழுதாகிக் கிடக்கிற ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. நாள் முழுக்க ஊர்த் துணிக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவள் வீட்டில் கசங்கின சட்டையோடுதான் இருப்பாள். இதுக்கும் சேத்துக் கூலி கொடுத்தா போடறேன் என்பாள்.

கதவைத் திறந்தவள் குட்டியைப் பார்த்ததும் விலகி வழி விட்டாள், வா என்று சொல்லவில்லை.

"அத்தை."

"சொல்லு. முன்னோடி வீட்டுப் பிள்ளை இவ்வளவு படி ஏறி வந்திருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை."

"நானா சொன்னேன்? அவங்கதான் வில்லையில அடிச்சுக் குத்தி விட்டிருக்காங்க. முன்னோடியாம். சரியாத்தான் போட்டிருக்கான். எங்களை நிக்க வெச்சிட்டு முன்னாடி ஓடிட்டா."

குட்டி சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது படி ஏறியதாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. "அதை எழுதினது நான்தான் அத்தை. அம்மா மூணுதான் போட்டாங்க. நாலு வாங்கினாங்க. நான்தான் மறுநாள் காலைல அவங்க குளிக்கப் போனப்ப இன்னொரு தடவை எழுதிட்டேன். எனக்கு நீங்க பேசி வெச்சது தெரியாது."

இஸ்திரி அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் வந்திருந்தால் குட்டிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வந்தது வேறொன்று.

"உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?"

"இல்ல அத்தை. அம்மாவுக்கே தெரியாது."

"தெரியாது. அவ போன்ல, அவ நம்பர்ல, அவ வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தி இருபது கேள்விக்கு விடை எழுதியிருக்கா. அவளுக்கு மட்டும் தெரியாது."

"நிஜமா அத்தை."

"அந்தக் கையேட்டைப் படிச்சியா நீ? அலகு, இடைமுகம், அதெல்லாம்?"

"படிச்சேன்."

"நாங்க பத்து பேரும் அதைப் படிச்சிட்டுத் தலைவலி மாத்திரை போட்டோம்." அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். "இங்க பாரு குட்டி. அந்தச் செவுத்துல இருக்கற திரை என் நம்பரை ஒரு நாளைக்குப் பத்து தடவை செவப்பாக்குது. செவப்பைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது. கழிப்பறைக்குப் போனா அதுக்கும் சேத்து வேகம் குறையுதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. ரெண்டு மாசமா ராத்திரி பல்லைக் கடிக்கிறேனாம், வீட்ல சொல்றாங்க. இதெல்லாம் உங்கம்மாவுக்குத் தெரியும். எல்லாருக்கும் இப்படித்தான், ஒண்ணா நிப்போம்னு அவதான் சொன்னா. அவ சொன்னதாலதான் எனக்கு அன்னைக்கு ஒரு ராத்திரி தூக்கம் வந்துச்சு."

"அம்மா ஏமாத்தல அத்தை."

"பதினாறு வயசுப் பிள்ளையைப் பழி ஏத்துக்கச் சொல்லி அனுப்பற அளவுக்கு அவ எறங்கிட்டாளேன்னுதான் எனக்கு இருக்கு."

"நான்தான் வந்தேன். அவங்க அனுப்பல."

"சரி, அனுப்பல. நீதான் எழுதினேன்னே வெச்சுக்குவோம்." அத்தையின் குரல் தாழ்ந்தது. "அது இதைவிட மோசம். அதை வெளியில எங்கயும் சொல்லித் தொலைக்காத. ஆள் மாத்தி எழுதினாங்கன்னு தெரிஞ்சா அவளை வெளிய தள்ளிடுவான். அதோட விடுவானா? மிச்சம் பத்து பேருக்கு மட்டும் எப்படி ஒரே மார்க்குன்னு தோண்ட ஆரம்பிப்பான். புரியுதா?"

"அப்ப நீங்க என்னை நம்பறீங்களா?"

"நம்பலை" என்றாள் அத்தை. "ஆனா யார்கிட்டயும் சொல்லாத."

படி இறங்கும்போது குட்டிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நம்பாத விஷயத்தை எதற்கு மறைக்கச் சொல்ல வேண்டும்? நம்பினால் எதற்கு அம்மாவைத் திட்ட வேண்டும்? உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவளுக்கு ஏறியிருந்தது. இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கடையில் நோட்டு வாங்க மறந்தது தெருமுனை திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அம்மா கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"குட்டி, மனநிலைக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா?"

"ரெண்டு சுழி. ஏம்மா?"

"நான் மூணு போட்டுட்டேன். அதானே பாத்தேன், என்னமோ பெருசா தெரியுதேன்னு." அம்மா அடித்துவிட்டு எழுதினாள்.

குட்டி பின்னால் வந்து நின்று படித்தாள். மேற்பார்வையாளர் அவர்களுக்கு. சில மாதங்களாக என் மனநிலை சரியில்லை. நான் செய்தவை எனக்கு நினைவில் இருப்பதில்லை. எனவே முன்னோடிப் பொறுப்பு வேண்டாம். நான் இந்த வேலைக்குத் தகுதியானவள்தானா என்று மருத்துவக் குழுவைக் கொண்டு என்னைப் பரிசோதிக்குமாறு

அதோடு நின்றிருந்தது.

"இதைக் கொடுக்கப் போறியாம்மா?"

"நாளைக்குக் காலைல. போன உடனே."

"இதைக் கொடுத்தா உன்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்கட்டும். அவிழ்க்கக் கூடாத மூட்டையை நான் ஒருநாள் அவிழ்த்துட்டு, அவிழ்க்கலைன்னு சொன்னா? பக்கத்துல நிக்கறவங்க கதி என்ன?" அம்மா பேனாவை மூடினாள். "பைத்தியம் பிடிச்சவ கையில அந்த வேலை இருக்கக் கூடாது."

"உனக்குப் பைத்தியம் இல்லம்மா."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. பிடிச்சவங்களுக்கும் அப்படித்தான் தோணுமாம்." அம்மா சிரித்தாள், பாதியில் விட்டாள். "உக்காரு. ஒண்ணு பாத்துடலாம். அந்தக் கேள்வியெல்லாம் இன்னும் போன்ல இருக்குல்ல, ஒவ்வொண்ணாக் கேளு. எனக்கு விடை தெரியலைன்னா நான் எழுதலைன்னு அர்த்தம். மெஷின் தப்புன்னு சொல்லிட்டு இந்தக் காகிதத்தைக் கிழிச்சிடறேன்."

குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவே ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். அலகும் இடைமுகமும் அம்மாவுக்கு எங்கே தெரியப் போகிறது. நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து சரியாகச் சொல்வாள். காகிதம் கிழிந்துவிடும். மெஷின் தப்பு. யாருக்கும் எதுவும் ஆகாது.

போனை எடுத்து, அதே கேள்விகளுள்ள, வரலாற்றில் ஏறாத மாதிரித் தேர்வைத் திறந்தாள். "ஒண்ணாவது. மாசுற்ற அலகினைக் கையாளும் பயனர் முதற்கண் எதனை உறுதி செய்ய வேண்டும்?"

"கையுறை கிழியலையான்னு பாக்கணும். அடுத்தது."

சரி. குட்டி தலையாட்டினாள். ஒன்று தெரிந்திருக்கலாம்.

"பையின் நிறக்குறியீடும் சில்லின் தகவலும் முரண்படுமாயின்?"

"எது மோசமோ அதைத்தான் நம்பணும். இதுக்கு ஒரு கேள்வியா? நாங்க இருவது வருஷமா அதைத்தானே பண்றோம்."

சரி. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் சரி. அந்தத் தமிழ் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. கேள்வி பாதி வரும்போதே கையை நீட்டி நிறுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டு சலவையறைக்குள் நடப்பதுபோல விடை சொன்னாள். எட்டாவது கேள்வியில் கையேடே தப்பு என்றாள். "அந்தச் சூட்டுல போட்டா குழந்தை வார்டு போர்வை சுருங்கிப் போயிடும். ஆனா அவங்களுக்கு ரெண்டாவதுதான் விடை. ரெண்டுன்னு வெச்சுக்க." ரெண்டுதான் சரி.

"பதிமூணு" என்று குட்டி கேட்டபோது அவள் குரல் உள்ளே போயிருந்தது. "குறியீடில்லாமல், முடிச்சிடப்பட்ட நிலையில் ஒரு மூட்டை வருமாயின்?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "இது எனக்காகவே வெச்ச கேள்வி. அவிழ்க்காம திருப்பி அனுப்பணும். நாலாவது."

இருபதும் முடிந்தது. திரையில் 20/20 என்று வந்தது. பச்சைக் குறியும் வந்தது. குட்டி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் அம்மா பார்த்துவிட்டாள்.

அந்த நாலு மதிப்பெண்ணைப் பார்த்து, அம்மாவுக்குப் புரியவில்லை என்று எப்படி நினைத்தோம்? ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லையே. எழுதிக் கொடுத்ததைவிட அதுதான் இப்போது அவளை அதிகமாகச் சுட்டது.

"அப்ப நான்தான் எழுதியிருக்கேன்" என்றாள் அம்மா. நிதானமாகச் சொன்னாள், துணி எண்ணிக்கை சொல்வதுபோல. "எல்லாம் தெரியுது. தெரிஞ்ச கை தானா எழுதிடுச்சு. இத்தனைக்கும் மூணு மூணுன்னு அமுக்கினது இன்னும் கண்ணுல நிக்குது."

"அம்மா, அது வந்து"

"இரு. இன்னொண்ணு இருக்கு. அதான் என்னைப் போட்டுக் குடையுது. எழுதினதுகூடப் பரவால்ல குட்டி. மறந்துபோச்சு, சரி. ஆனா அவங்க பத்து பேரையும் விட்டுட்டுப் போகணும்னு எனக்குள்ள எங்கயோ இருந்திருக்கு பாரு. இல்லைன்னா கை ஏன் எழுதும்? இஸ்திரிக்காரி இன்னைக்கு என் மூஞ்சியைப் பாக்காம சாப்பிட்டா. பதினெட்டு வருஷத்துல அப்படிச் சாப்பிட்டதில்ல. எனக்குக் கோபம் வரலை. அவ சொல்றது சரியா இருக்குமோன்னுதான் பயம் வந்துச்சு."

குட்டி வாயைத் திறந்தாள். கடிதம் போனால் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று தாளில் ஏறும். உண்மை போனால் ஏமாற்றுக்காரி என்று ஏறும். எது ஏறினாலும் ஏற்றியது அவள்தான். இதில் எது சின்னது என்று யாரிடம் போய்க் கேட்பது? அப்பா போனை எடுத்தால் லாரி இரைச்சல்தான் கேட்கும். அத்தையிடம் கேட்டாகிவிட்டது.

அம்மா போனை நிமிர்த்தித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பயிற்சி வரலாற்றை அவளே திறந்தாள். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள்.

"வியாழக்கிழமை காலைல அஞ்சு நாப்பது."

குட்டி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்நேரம் நான் குளிச்சிட்டு இருந்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன். தலைக்குக் குளிச்சேன்னுகூட ஞாபகம். அதுவும் தப்பு போல." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது தெரியாதவளின் பயமா, தெரிந்துகொண்டவள் விட்டுக்கொடுக்கிற இடமா என்று குட்டியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

"நான் வெளிய வந்தப்ப நீ என் கட்டில்ல முழிச்சு உக்காந்திருந்தே குட்டி. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சொல்லு, அப்ப போன் யார் கையில இருந்துச்சு?"